சொர்ணக்கிளி தள்ளிய சுவர்

செவல்குறிச்சியில் சுவர்கள் நகர ஆரம்பித்தது ஓர் ஆனி மாதத்தில். மேற்கிலிருந்து காற்று கிளம்பி வந்து, ஊரின் கதவு ஜன்னல்களை ஒன்றுவிடாமல் ஆட்டிப் பார்த்துவிட்டு, கேட்டதற்குப் பதில் கிடைக்காதவன்போலத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த மாதம் அது. முதலில் நகர்ந்தது சவேரியார் தெருவில் அமலோற்பவம் வாடகைக்கு எடுத்திருந்த அறையின் தெற்குச் சுவர், கிழமை புதன், நேரம் பகல் பதினொன்றரை, தள்ளியவள் சொர்ணக்கிளி, நகர்ந்த தூரம் ஒரு சாண். இந்த விவரங்களில் ஊருக்குள் இன்றுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதற்குப் பிறகு யார் யார் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்தான் டீக்கடைக்கு டீக்கடை ஒரு கட்சி.

அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்து, ஊரார் முட்டியையும் முதுகையும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள், சில முட்டிகள் எலும்பில் ஒரு குறையும் இல்லாமலேயே மடங்க மறுப்பதையும், சில முதுகுகள் யாரோ ஒருவர் பெயரைச் சொன்னவுடன் இறுகுவதையும் பார்த்துப் பார்த்து, பெங்களூரில் மூன்று வருஷம் தங்கி, உடம்பு வழியாக மனதைத் தொடும் சிகிச்சையைப் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவள் படித்தது இதுதான்: ஆபத்து வந்த நேரத்தில் உடம்பு ஓட நினைத்திருக்கும், உதைக்க நினைத்திருக்கும், கத்த நினைத்திருக்கும், முடியாமல் போனால் அந்த நினைப்பு எங்கேயும் போய்விடாது, தசைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் அடிபடாதபடி, நடந்து முடிய விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிபடாதபடி என்பதை அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது. ஊர்க்காரர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பாயும் தலையணையும் கிடக்கிற அறையில், ஊசி போடாமல் மாத்திரை கொடுக்காமல் ஒரு மணி நேரம் கவனிக்கிற டாக்டரம்மா என்று வைத்துக்கொண்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவள் முதல் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தாள். அதையும் பெரிய டாக்டருக்குரிய அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

சொர்ணக்கிளி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவளும் புருஷன் இசக்கிதுரையும் சேர்ந்து நடத்திய கடை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில், யாருடைய பட்டாவுக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்த இசக்கிதுரை, மெஷின் மூடியின் மேல் அப்படியே கவிழ்ந்து இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து சொர்ணக்கிளியின் இரண்டு கைகளும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. தலைமுடியைப் பின்னிவிடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. மெஷின் மூடியைத் தூக்க ஸ்டூலின் மேல் ஏறி நின்று முழங்கையால் நெம்ப வேண்டியிருந்தது.

அமலோற்பவத்திடம் புதன்கிழமைதோறும் வர ஆரம்பித்த நான்காவது வாரம்தான் அந்தக் கைகள் பேசின. அமலோற்பவம் எதிரே தரையில் உட்கார்ந்து, கை என்ன செய்யப் பார்க்கிறது என்று கேட்டாள். மடியில் கிடந்த உள்ளங்கைகள் மெதுவாக வெளிப்பக்கம் திரும்புவதை, யாரோ வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகுவதைப் பார்ப்பதுபோலச் சொர்ணக்கிளி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளணும்போல இருக்கு டாக்டரம்மா."

யாரை என்று அமலோற்பவம் கேட்கவில்லை. கேட்டால் கை திரும்ப மடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். காலியாக நின்ற தெற்குச் சுவரைக் காட்டினாள். "சுவர்தானே அக்கா, தாங்கும். எவ்வளவு வேணும்னாலும் தள்ளுங்க" என்றாள். பின்னாளில் அந்த 'எவ்வளவு வேணும்னாலும்' அவள் நெஞ்சில் ரொம்ப நாள் குத்திக்கொண்டிருந்தது.

சொர்ணக்கிளி சுவரில் கை வைத்து, மூச்சை இழுத்து, தள்ளினாள். பெரிய பீரோவைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சுவரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரும் சேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போய் நின்றன. இதுவரை யாரும் இந்தப் பக்கமிருந்து பார்த்திராத சிவப்பு சிமெண்டுத் தரை ஒன்று, வெள்ளைப் பெயிண்டில் போட்ட கோல ஓரத்தோடு, அறைக்குள் நீளமாக வந்து கிடந்தது. நிறுத்துங்க என்றாள் அமலோற்பவம். அவள் நிறுத்தினாள். இருவரும் அந்தத் தரையைப் பார்த்தார்கள்.

"இது பூரணம் மதினி வீட்டு அடுப்படித் தரை" என்றாள் சொர்ணக்கிளி.

பூரணம் இசக்கிதுரையின் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடையது. ஐந்து நிமிஷத்தில் கையில் கரண்டியோடு தெருவழியாகச் சுற்றி வந்து, தன் அடுப்பு ஒரு சாண் முன்னால் வந்து நிற்பதாகவும், கொதித்த குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்றும், தள்ளியது யார் என்று தெரிந்துகொண்டு போக வந்ததாகவும் சொன்னாள். பிறகுதான் பாயில் உட்கார்ந்திருந்த சொர்ணக்கிளியைக் கண்டாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூரணம் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு சொர்ணக்கிளி பதினாறாம் நாளைச் சொன்னாள். ஏழு பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி முழங்காலை அமுக்கினாள், பூரணம் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தரையோடு வைத்துக்கொண்டாள். வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், தாலியை அறுத்தார்கள். இருக்கட்டும் மதினி, விடுங்க, ரெண்டு நாள் கழித்து நானே கழற்றிவிடுகிறேன் என்று அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டது. கெட்ட பெண்கள் இல்லை அவர்கள். பதினைந்து நாளும் அவளுக்குச் சோறு ஊட்டியவர்கள், அவள் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள்.

"அழுதுக்கிட்டே பிடிச்சிருந்தாக டாக்டரம்மா. அழுறவுகளை எப்படித் தள்ள?"

விஷயம் ஊருக்குள் போனது. நகராட்சி சர்வேயர் டேப்போடு வந்து இரண்டு வீட்டையும் அளந்து, அரசாங்கப் படிவத்தில் இதற்கென்று ஓர் இடம் இல்லாததால், ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'சுவர் தற்சமயம் இவ்விடத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பூரணம் அலமாரியை இடம் மாற்றினாள். அடுப்படி சுருங்கியதால் நின்ற இடத்திலிருந்தே உப்பும் புளியும் கைக்கு எட்டுகிறது என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சவேரியார் தெருக்காரர்கள் காலையில் பல் துலக்கும் முன்னால் வீட்டைச் சாணால் அளந்து பார்க்கும் பழக்கத்துக்கு வந்தார்கள். பூசை நேரத்தில் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டாம் என்று சவேரியார் கோயிலில் சாமியார் அறிவித்தார். ஒன்பது பேர் ஒரே அறையில் படுத்தெழும்பும் குடும்பம் ஒன்று சொர்ணக்கிளியைக் கூட்டிக்கொண்டு போய், காப்பி கொடுத்து, பின்பக்கம் புறம்போக்குதான், தாயி, கொஞ்சம் தள்ளிக் கொடு என்று கேட்டது. அவளுக்கும் அவர்களைப் பார்க்க உண்மையிலேயே பாவமாக இருந்தது. தள்ளிப் பார்த்தாள். சுவர் அசையவில்லை. இரக்கத்துக்கு நகராது என்று ஊர் தெரிந்துகொண்டு, அதையும் ஒரு தகவலாக வைத்துக்கொண்டது.

பயந்தவள் அமலோற்பவம்தான். அடுத்த புதன்கிழமை தள்ளுகிற பேச்சையே எடுக்கவில்லை. சொர்ணக்கிளியைப் பாயில் படுக்க வைத்து மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னாள். அதற்கடுத்த புதனும் மூச்சுதான். மெதுவாகப் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைப் பூட்டிவிட்டு அதற்கு மெதுவாகப் போவது என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கே உள்ளூரத் தெரிந்தது. கைகள் இன்னும் இறங்கின. இப்போது தோள் வரைக்கும்கூட வரவில்லை. சொர்ணக்கிளி தட்டை நோக்கிக் குனிந்து சோற்றை வாயால் எடுத்தாள். அவள் தெருவில் நடந்து போனால் இரண்டு பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர்களும், சப்பரம் வரும்போது ஒதுங்குகிற ஆட்களைப்போல, லேசாகப் பின்னால் சாய்ந்து, அவள் கடந்து போனதும் நிமிர்ந்தன. காரை உதிர்ந்தது. நாய்கள் சுவரோரம் படுப்பதை விட்டுவிட்டு நடுத்தெருவில் படுத்தன. காற்று நிற்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சித் தலைவர் குமாரலிங்கம் பொன்னாடையோடு அமலோற்பவத்தின் அறைக்கு வந்தார். பெரிய கடைவீதி நாற்பது அடி அகலம் இருக்க வேண்டியது, ஆக்கிரமிப்பில் பதினெட்டு அடியாகிவிட்டது, ஒன்பது வருஷமாக நோட்டீஸ், கோர்ட், தடை. அந்த அம்மா மனது வைத்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும், ஒரு செங்கல்லை உடைக்க வேண்டாம், யார் பொருளுக்கும் சேதம் வராது என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் அமலோற்பவம் வாயைத் திறந்தாள். தலைவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார், வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க என்ற வார்த்தைதான் வந்தது. அவர் போய்க் கேட்டார். எட்டு மாதமாகச் சம்மதமா என்று யாரும் கேட்டிராத சொர்ணக்கிளி, கேட்டுவிட்டார்களே என்பதற்காகவே சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைவீதியில் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். முதல் கடை அருணாசலத்தின் பாத்திரக்கடை. கடையைச் சாத்தச் சொல்லியிருந்தார்கள். சாத்திவிட்டு, சாமி படத்தை எடுக்க அருணாசலம் பின்வாசல் வழியாக உள்ளே போனதை யாரும் கவனிக்கவில்லை. சொர்ணக்கிளி இடுப்பு உயரத்தில் சுவரில் கை வைத்தாள். தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தள்ளினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் தம் பிடியுங்கம்மா என்று தலைவர் மைக்கில் சொன்னார். அவள் அருகில் மாலையோடு நின்ற கவுன்சிலர் ஒருவர், உதவி செய்கிற நினைப்பில், கொஞ்சம் மேலே வையுங்கம்மா, இப்படி, என்று சொல்லிக்கொண்டே அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார்.

அந்தக் கைகள் மணிக்கட்டை நோக்கிப் போவதை, கூட்டத்தில் நின்ற அமலோற்பவம் பார்த்திருந்தாள். தொடாதீங்க என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

சுவர் நான்கு அடி போனது, ஒரே தடவையில். குடமும் அண்டாவும் தவலையும் இட்லிச் சட்டியும் ஆயிரம் மணி ஒன்றாக அடித்ததுபோல விழுந்து உருண்டன. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அதற்குள்ளிருந்து ஓர் ஆள் கத்துவது கேட்டது. அருணாசலத்தின் வலது கால் சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவில் மாட்டி, இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆட்கள் கடைக்குள் ஓடினார்கள். சொர்ணக்கிளி நகரவில்லை. பந்தலுக்குக் கீழே தன் கைகளைப் பார்த்தபடியே நின்றாள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. அமலோற்பவம் அந்த வட்டத்துக்குள் போய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. திட்ட வந்தவர்களைவிடக் கவலைப்பட்டு வந்தவர்களே அதிகம். வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். அந்த ஊரில் சுவர் இல்லையா என்று கேட்டார் இன்னொருவர். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்றார்கள். பேசிப் பேசி மாலை நான்கு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பொழுது விடிந்து பொழுது சாயும் வரை சொர்ணக்கிளியின் இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, வலிக்காமல், பழைய வேட்டித் துணியால் கட்டி வைப்பது, ராத்திரியில் அவிழ்த்துவிடுவது, பெண்கள் முறை வைத்து அவள் கூட இருந்து ஊட்டிவிடுவது, குளிப்பாட்டுவது. முதல் முறைக்குப் பூரணத்தின் பெயரைச் சொன்னார்கள். பூரணம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை பிரியமாக, அத்தனை இதமாக அதைச் சொன்னார்கள். சொர்ணக்கிளி மூலையிலிருந்து எழுந்து வந்து, சரி என்று தலையை ஆட்டி, இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினாள்.

சுவர் நகர்ந்ததைவிட அந்தத் தலையாட்டல் அமலோற்பவத்தைப் பயமுறுத்தியது. அவள் எழுந்து நின்றாள்.

"அருணாசலம் அண்ணாச்சி கால் முறிஞ்சதுக்குப் பொறுப்பு நான். அவங்க கையைப் பிடிக்கப் போறதைப் பார்த்தேன், பார்த்துட்டுச் சும்மா நின்னேன். எவ்வளவு வேணும்னாலும் தள்ளுங்கன்னு முதல் நாள் சொன்னதும் நான்தான். அளவு சொல்றது என் வேலை. நான் அதைச் செய்யலை."

கட்டாமல் விட்டால் அடுத்த கால் யாருடையது என்று தலைவர் கேட்டார்.

"பிடிச்சு வச்சதுலதான் இது வந்துச்சு. மறுபடியும் கட்டுங்க. ஊர்ல எத்தனை சுவர் இருக்குன்னு எண்ணியும் வச்சுக்கோங்க" என்றாள் அமலோற்பவம். பத்து நாளும் ஒரு புதன்கிழமையும் அவகாசம் கேட்டாள். ஊர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது. அந்தப் புதன்கிழமை பகல் முழுக்க சவேரியார் தெருவில் ஒரு ஆள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பத்து நாளும் இருவரும் சுவர்ப் பக்கமே போகவில்லை. அறையின் நடுவில் எதிரெதிரே நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பழகினார்கள். சுவர் வேண்டாமா என்று சொர்ணக்கிளி கேட்டதற்கு, "சுவருக்கு வாய் கிடையாது அக்கா. போதும்னு அதால சொல்ல முடியாது. என்னால முடியும்" என்றாள் அமலோற்பவம். பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. கண்ணை மூடக் கூடாது, எதிரே நிற்பவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமலோற்பவம் போதும் என்றால் சொர்ணக்கிளி அந்தக் கணமே நிறுத்த வேண்டும். சொர்ணக்கிளி விடு என்றால் அமலோற்பவம் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். ஒரு செய்தித்தாளின் கனத்துக்குத் தள்ளினார்கள், நிறுத்தினார்கள். ஒரு குடம் தண்ணீரின் கனத்துக்குத் தள்ளினார்கள், நிறுத்தினார்கள். ஓர் அரிசி மூட்டை. நிறுத்தினார்கள். தள்ளுவதைவிட நிறுத்துவதற்குத்தான் அதிக பலம் வேண்டியிருந்தது. நிறுத்தியபோதெல்லாம் சொர்ணக்கிளிக்குத் தொடை நடுங்கி வியர்த்தது. விடு என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பழகினாள். முதல் நாள் அது சத்தமில்லாமல் உதடாக மட்டும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அமலோற்பவத்தின் கை, சுட்டதுபோல, உடனே விலகியது. மூன்றாம் நாள் சொர்ணக்கிளி, தேவையே இல்லாமல், சும்மா விடு என்று சொல்லி, கை விலகுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

புதன்கிழமை வந்தது. தெரு காலியானது. ஆட்கள் கோயில் மைதானத்தில் வேப்பமர நிழலில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து, சவேரியார் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணம் மட்டும் கிளம்பவில்லை. என் அடுப்பை விட்டுவிட்டு நான் எங்கே போக என்று சொல்லி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். செய்தித்தாள், குடம், மூட்டை என்று ஏறி, அதற்கு மேல் போனது. சொர்ணக்கிளியின் கண் அமலோற்பவத்தின் முகத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண் பார்ப்பது தன்னை இல்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. பதினாறாம் நாளின் அந்த ஏழு பேர் அந்தக் கண்ணுக்குள் வந்திருந்தார்கள். அமலோற்பவத்தின் பாதங்கள் வழுக்கின. வெள்ளை டைல்ஸைத் தாண்டி, சிவப்புத் தரைக்கு வந்து, முதுகு சுவரில் முட்டியது. முட்டிய சுவரும் முனகியது. அந்தப் பக்கம் ஒரு தட்டு ஆடுகிற சத்தம்.

"போதும்" என்றாள் அமலோற்பவம்.

சொர்ணக்கிளி நிறுத்தவில்லை. அமலோற்பவத்தின் விலா எலும்புகள் நெருங்கின. சுவர் ஒரு விரல் அளவு பின்னால் போனது. இப்போது கையை உருவிக்கொண்டு விலகிவிடலாம். விலகினால் அந்த விசை முழுவதும் சுவருக்குப் போகும், சுவருக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள். அமலோற்பவம் விலகவில்லை. டாக்டரம்மாவின் குரலை விட்டுவிட்டு, தன் குரலில் சொன்னாள்:

"அக்கா, போதும். எனக்கு வலிக்குது."

பெரிய லாரி ஒன்று மேட்டில் நின்று, பின்னால் உருளாமல் அப்படியே நிற்பதுபோல, சொர்ணக்கிளி நின்றாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. அவளே நின்றாள். கண் திரும்பி வந்தது. எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொண்டது.

"விடு" என்றாள்.

அமலோற்பவத்தின் கை விலகியது.

"விடுங்க" என்றாள் இன்னும் உரக்க. பிடித்திருக்க அங்கே யாரும் இல்லை. மூன்றாவது தடவை, அடி வயிற்றிலிருந்து, "விடுங்க மதினி" என்று அவள் கத்தியது, மைதானத்து வேப்பமரத்தில் இருந்த காகங்களையெல்லாம் கிளப்பியது. மரத்தடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஆறு பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து, ரொம்ப நேரம் சுற்றி, அடங்கியது.

சொர்ணக்கிளி நின்ற இடத்திலேயே அழுது முடித்தாள். முடித்துவிட்டு, தன்னை அறியாமலே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். போட்ட பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு அவளால் ஒரு சுவரும் நகரவில்லை; நகர்ந்த சுவர்கள் திரும்பி வரவும் இல்லை. அருணாசலத்தின் கட்டுப் பிரித்ததும், அமலோற்பவம் தினமும் அவர் வீட்டுக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். முதல் வாரம் அவர் அவளோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் சொர்ணக்கிளியும் கூடவே போய் வாசற்படியில் நின்று, அண்ணாச்சி, தப்பு நடந்து போச்சு என்றாள். அவர் காலைப் பார்த்துக்கொண்டே, வெயிலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்க என்று தன் மனைவியிடம் சொன்னார். கடைவீதியில் அவர் கடை முன்னால் மட்டும் ரோடு நான்கு அடி கூடுதலாக அகன்றுவிட்டதால் மினி பஸ் அங்கே நின்று போக ஆரம்பித்தது. ஆடி கடைசியில் மேலத்தெருவில் ஓர் ஆள் செத்துப்போனான். அந்த வீட்டுப் பதினாறாம் நாளில் பெண்கள் வழக்கம்போலக் கூடினார்கள். ஆனால் யாரும் கிட்டே போய்க் கையைப் பிடிக்கவில்லை. செத்தவனின் இளம் மனைவியிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, அவள் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தார்கள். பொழுது உச்சிக்கு ஏறும் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு என்ன முடிவாயிற்று என்பதை அந்த வீட்டுக்காரர்கள் வெளியே சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் பகல், சொர்ணக்கிளி வந்து போன பிறகு, பூரணம் தெருவாசல் வழியாக அமலோற்பவத்தின் அறைக்கு வந்தாள். பாயில் உட்காராமல், ஒரு காலத்தில் தன் அடுப்படியாக இருந்த சிவப்புத் தரையில் உட்கார்ந்தாள். சொர்ணக்கிளி கத்திய அன்றையிலிருந்து இரண்டு மணிக்கட்டும் வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்தாகிவிட்டது, வெந்நீர் ஊற்றியாகிவிட்டது. அமலோற்பவம் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. பூரணம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு போயி பத்தொம்பது வருஷம். என்னையும் அப்படித்தான் பிடிச்சாக. ஆறு பேரு. யாரு யாரு எந்தக் கையின்னு எனக்கு இப்பவும் தெரியும்."

பூரணம் தன் கைகளை மடியில் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"ஆறு பேரும் செத்துட்டாக டாக்டரம்மா. நான் எந்தச் சுவத்தைத் தள்ள?"

பூரணம் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, எழுந்து போய்விடலாமா என்பதுபோல முன்னால் சாய்ந்தாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே சிவப்பு சிமெண்டு, நாற்று நடுகிற வயலின் சேறுபோல, ஒரு விரல் அளவு இறங்கியது. பூரணம் அதைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

அமலோற்பவம் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், தரையில் உட்கார்ந்தாள்.